மெல்பர்னில் பழைய எம்எக்ஸ்-5 வாங்கும் தம்பிக்கு எந்த ஆண்டு மாடலைச் சொல்வது?

திருநகர் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னில் வேலை பார்க்கும் என் தம்பி, கல்லூரி நாளிலிருந்தே மனதில் வைத்திருந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியைப் பழையதாக ஒன்று பார்த்து வாங்கிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறான். இரண்டே இருக்கையும் மடக்கும் கூரையும் கொண்ட இந்த வண்டியை மாஸ்டா நிறுவனம் இந்தியாவில் விற்பதில்லை. ஆகவே மதுரையில் இருந்துகொண்டு நான் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட வழியில்லை. இருந்தாலும் எங்கள் வீட்டில் வண்டி என்றால் மூத்தவனைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று அப்பா காலத்திலிருந்து ஒரு பழக்கம் இருப்பதால், கேள்வி என்னிடம் வந்துவிட்டது. கூரையில்லா வண்டிகளில் என் அனுபவம், பல ஆண்டுகளுக்கு முன் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும் வழியில், கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் ஒன்று எங்கள் பேருந்தை முந்திச் சென்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தது மட்டும்தான்.

அவன் பார்த்து வைத்திருப்பவை மூன்று வண்டிகள். மூன்றும் 2015-இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை, மூன்றிலும் 2.0 லிட்டர் இன்ஜினும் கையால் மாற்றும் கியரும் இருக்கின்றன. ஒன்று 2016 மாடல், இன்னொன்று 2018 என்று விளம்பரத்தில் போட்டிருப்பது, மூன்றாவது 2022 மாடல். வெளியே நின்று பார்த்தால் மூன்றுக்கும் வேற்றுமை கண்டுபிடிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. விலையில் மட்டும் படிப்படியாக நல்ல வேற்றுமை தெரிகிறது. 2024-இல் வந்த புதிய மாடலுக்குக் காத்திருந்தால் இன்னும் நல்லது என்றும் அவனுடைய நண்பர்கள் சொல்கிறார்களாம்.

ஒவ்வோர் ஆண்டும் நிறுவனம் "மேம்படுத்தப்பட்டது" என்று அறிவிக்கிறதே, அதில் எது உண்மையில் வண்டியை மாற்றியது, எது புதிய வண்ணமும் தையல் நூலும் மட்டும் என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் உதவ வேண்டும். தம்பிக்கு வயது முப்பத்திரண்டு, உயரம் ஆறடி ஓர் அங்குலம். வார நாளில் ரயிலில் வேலைக்குப் போகிறான். வண்டி வார இறுதி மலைப்பாதைகளுக்கு மட்டும்தான்.

புதூர் லேத் எழுதியது:

வணக்கம் ஐயா. கே.புதூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லேத் பட்டறை நடத்துகிறேன். பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்ட்டும் என் கையில் புரண்ட அளவுக்கு இந்த வண்டி என் கண்ணில்கூடப் பட்டதில்லை. ஆகையால் இன்ஜினுக்குள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஓட்டிப் பார்த்தவர்கள் மற்றதைச் சொல்லட்டும்.

உங்கள் மூன்று வண்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய கோடு இருக்கிறது. அது 2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விழுந்த கோடு. 2019 மாடல் என்று பேசப்படுவது அதற்குப் பிந்தைய வண்டிதான். அதற்கு முன் இந்த 2.0 லிட்டர் இன்ஜினின் திறன் 118 கிலோவாட். அதற்குப் பின் 135 கிலோவாட். கொள்ளளவு கூடவில்லை, டர்போ வைக்கவில்லை. இன்ஜின் இதற்கு மேல் சுற்றக் கூடாது என்று மீட்டரில் காட்டும் சிவப்புக் கோடு, முன்பு நிமிடத்துக்கு 6800 சுற்றில் இருந்தது, 7500 சுற்றுக்கு ஏறியது. கேட்பதற்கு ஒரு கணினித் திருத்தம் போலத் தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் மாற்றாமல் இதைச் செய்ய முடியாது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரத் தாளில் இந்த வேலைக்கு இரண்டு வரிதான் கிடைக்கும்.

இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 91.2 மில்லிமீட்டர். 7500 சுற்று என்றால் நொடிக்கு 125 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நின்று திரும்ப வேண்டும்; ஆக நொடிக்கு 250 முறை நிற்கிறது, 250 முறை புறப்படுகிறது. டவுன் பஸ் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோம் அல்லவா, அதே நிலைதான் பிஸ்டனுக்கும். நின்று திரும்பும் அந்தக் கணத்தில் பிஸ்டனின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிலோ எடையைப் போல, பிஸ்டனைச் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை இழுக்கிறது. மேல் முனையில் அதைவிடவும் கூடுதலாக இழுக்கும். இந்த இழுவிசை சுற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 6800-இலிருந்து 7500 என்பது பத்து சதவீத ஏற்றம்தான்; ஆனால் ராடும் பேரிங்கும் தாங்க வேண்டிய விசை ஏறத்தாழ 22 சதவீதம் கூடிவிடுகிறது.

இதைத் தாங்க இரண்டு வழி உண்டு. பாகங்களைத் தடிமனாக்கலாம், அப்படிச் செய்தால் எடையும் கூடி, இழுவிசையும் கூடவே ஏறும். மற்றொரு வழி எடையைக் குறைப்பது. மாஸ்டா பொறியாளர்கள் ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம், ஒவ்வொரு ராடிலும் 41 கிராம் குறைத்தார்கள். 27 கிராம் என்பது நம் கையில் ஒரு பொருட்டே இல்லை. மேலே சொன்ன கணக்குப்படி 7500 சுற்றில் அது எழுபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட சுமை. ஒவ்வொரு பிஸ்டனின் தலையிலும் உட்கார்ந்திருந்த வளர்ந்த ஆள் ஒருவர் இறங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராடில் குறைந்த 41 கிராமில் ஒரு பகுதிதான் இப்படி மேலும் கீழும் போகும், மீதி கிராங்கோடு சேர்ந்து சுழலும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு பெரிதாகிவிடும்.

அதோடு காற்று உள்ளே வரும் வழியையும் வால்வுகளையும் பெரிதாக்கினார்கள். அத்தனை வேகத்தில் சுற்றும் இன்ஜினுக்கு மூச்சு போதாவிட்டால் சுற்றுவதில் பயனில்லை.

இப்போது உங்கள் தம்பிக்குத் தேவையான செய்திக்கு வருகிறேன். முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டரிலிருந்து 205-க்குத்தான் போனது. அதாவது, மூன்றாவது கியரில் இரண்டாயிரம் சுற்றில் ஊருக்குள் நகரும்போது 2016 வண்டிக்கும் 2019 வண்டிக்கும் வேற்றுமை தெரியாது. ஐயாயிரம் சுற்றைத் தாண்டிய பிறகு, பழைய இன்ஜின் களைக்கத் தொடங்கும் இடத்தில், புதியது இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். மலைப்பாதையில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே கியர் மாற்றாமல் இழுத்துப் போகலாமா, மாற்ற வேண்டுமா என்பதை அந்த எழுநூறு சுற்றுதான் தீர்மானிக்கும். தம்பி வார இறுதியில் மலைக்குத்தான் போகிறான் என்றால் இது பணம் கொடுக்கத் தகுந்த மாற்றம் என்பது என் கருத்து.

இதே வழியை அவர்கள் முன்பும் ஒரு முறை எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் தலைமுறையின் நடுவில், 2008-இல் செய்த திருத்தத்தில், வார்ப்பாக இல்லாமல் அடித்து உருவாக்கிய கிராங்க்கும் பிஸ்டனும் போட்டுச் சிவப்புக் கோட்டை 500 சுற்று உயர்த்தி 7200 ஆக்கினார்கள். ஒரு தலைமுறை பாதி வழி வந்த பிறகு இன்ஜினின் வயிற்றைத் திறந்து வேலை பார்ப்பது இந்த வண்டிக்குப் பழக்கமான ஒன்று.

சிறுமலைச் சாலை எழுதியது:

லேத் ஐயா சொன்ன கணக்கை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. முடிவைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்தபோது 2016 மாடல் 1.5 லிட்டர் வண்டி ஒன்றை வைத்திருந்தேன். இப்போது மதுரைக்கே திரும்பிவிட்டேன்; ஞாயிற்றுக்கிழமை சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் சாதாரணக் கார் ஒன்றை ஓட்டி மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

1.5 லிட்டர் இன்ஜின் தொடக்கத்திலிருந்தே 7500 சுற்று வரை போகும். 2018-இல் 2.0 லிட்டருக்குக் கிடைத்த குணம் அதற்குப் பிறவியிலேயே இருந்தது. முன்பக்க எடையும் குறைவு. ஜப்பானில் விற்ற அடிப்படை மாடல் வெறும் 990 கிலோ. பிற்பாடு அந்த எண்ணையே பெயராக்கி 990எஸ் என்று ஒரு பதிப்பும் வெளியிட்டார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த வண்டியில் ஆண்டு மாற்றங்களை அளக்கத் திறனை மட்டும் அளவுகோலாக எடுக்கக் கூடாது என்பதுதான். 2015-இல் மூன்றாம் தலைமுறை நான்காம் தலைமுறையாக மாறியபோது எடை நூறு கிலோவுக்கு மேல் குறைந்தது. மற்ற நிறுவனங்களின் வண்டிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்துக்கொண்டு போன காலத்தில் இது நடந்தது. பிறகு வந்த ஒவ்வொரு திருத்தத்திலும் அந்த எடையைத் திரும்ப ஏற்றிவிடக் கூடாது என்ற கவலை தெரியும்.

அதற்கு நல்ல சான்று, கேள்வியில் உள்ள மூன்றாவது வண்டியில் இருக்கிறது. 2022 மாடலில் கைனமேட்டிக் போஸ்சர் கன்ட்ரோல் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பெயர் நீளமே தவிர, பொறியமைப்பு மிக எளிது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. உள்பக்கப் பின்சக்கரத்தின் மேல் உடல் சற்றுத் தூக்கிக்கொள்கிறது. சிறுமலையில் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் இதை இடுப்பால் உணரலாம். இந்த ஏற்பாடு, பின்சக்கரங்கள் இரண்டும் எவ்வளவு வேறுபட்ட வேகத்தில் சுற்றுகின்றன என்று பார்த்து, வளைவு கடுமையாகும்போது உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் மிக மெல்லியதாக ஒரு பிரேக் கொடுக்கிறது. பின் சஸ்பென்ஷனின் அமைப்பு எப்படி என்றால், சக்கரத்தில் பிரேக் பட்டால் அந்த மூலையில் உடல் கீழ்நோக்கி இழுக்கப்படும். ஆகவே தூக்க முயலும் மூலையைப் பிரேக்கே பிடித்துக் கீழே வைக்கிறது. இதற்காக ஒரு புதிய பாகம்கூடச் சேர்க்கவில்லை. வண்டியில் ஏற்கெனவே இருந்த பிரேக்கும் உணர்விகளும்தான் வேலை செய்கின்றன. எடை ஒரு கிராம் கூடவில்லை. என் நண்பர் ஒருவருடைய 2022 வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தபோது, முதல் பத்து நிமிடம் எதுவும் தெரியவில்லை. என் வண்டிக்குத் திரும்பி உட்கார்ந்ததும்தான், இது ஏன் இவ்வளவு ஆடுகிறது என்று தோன்றியது.

2024 மாடலுக்குக் காத்திருக்கச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் விளக்குகள் புதியவை, திரை 8.8 அங்குலம் ஆனது, ஸ்டீயரிங் ரேக்கில் உராய்வைக் குறைத்தார்கள். இவற்றில் திரையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கூரையைத் திறந்து வெயிலில் ஓட்டுபவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கவனிக்க வேண்டியது, இன்ஜினின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் பின் டிஃபரன்ஷியல். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஓர் அளவிலும், காலை எடுத்து வேகம் குறைக்கும்போது அதைவிட இறுக்கமாகவும் இரண்டு பின்சக்கரங்களையும் கட்டிப் பிடிக்கும்படி அதை மாற்றியிருக்கிறார்கள். இறக்கத்தில் வளைவுக்குள் நுழையும் நேரத்தில் வண்டியின் பின்புறம் அலையாமல் இருப்பதற்கான வேலை அது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அதை மிகவும் விரும்புவார். முதன்முதலாகப் பின்சக்கர இழுவை வண்டி வாங்குகிறவர் அந்த வேற்றுமையை அறிய ஓராண்டு ஆகும். அதற்காக இத்தனை பணம் கூடக் கொடுக்க வேண்டுமா என்று எனக்கு ஐயம்.

மாஸ்டாவினர் குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள்படும் ஒரு ஜப்பானியத் தொடரை இந்த வண்டிக்குக் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குபவரைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை என்று இங்கிலாந்து நண்பர்களிடம் சொல்வேன்.

எனவே என் வரிசை: மூன்றில் 2022 முதலிடம். பணம் நெருக்கினால் 2.0 லிட்டர் 2016 மாடலை விட்டுவிட்டு, நல்ல நிலையில் உள்ள 1.5 லிட்டர் ஒன்றைத் தேடச் சொல்வேன்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

இரண்டு பெரியவர்களும் மேம்பாடு என்ற சொல்லை நம்பிப் பேசுகிறார்கள். நான் சற்று எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

இதே வண்டியின் வரலாற்றில் 2001 மாடலுக்கு அமெரிக்காவில் 155 குதிரைத்திறன் என்று அறிவித்துவிட்டு, பிறகு அது 142 தான் என்று நிறுவனமே திருத்திச் சொல்லி, வேண்டாம் என்பவர்களிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. அந்த ஆண்டு இன்ஜினில் வால்வு நேரத்தை மாற்றும் ஏற்பாடு உண்மையாகவே வந்தது. மேம்பாடும் உண்மை, எண் மட்டும் பொய்த்தது. ஆகவே ஓராண்டின் புத்தகத்தில் அச்சடித்த எண்ணை வைத்து மறு ஆண்டை அளக்காதீர்கள்.

ஆண்டு கூடினால் வண்டி நன்றாகும் என்பதும் விதி அல்ல. போர்ஷே பாக்ஸ்டர் 2016-இல் 718 என்று பெயர் பெற்றபோது, ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின் வைத்தார்கள். வேகம் கூடியது, எரிபொருள் கணக்கு சீரானது. ஓசை போய்விட்டது என்று வாங்கியவர்கள் குறைபட்டார்கள். 2020-இல் ஜிடிஎஸ் மாடலில் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் திரும்ப வந்தது. பிஎம்டபிள்யூ இசட்4 ஒரு தலைமுறையில் மடங்கும் உலோகக் கூரைக்குப் போய், அடுத்த தலைமுறையில் மறுபடியும் துணிக்கூரைக்கே வந்தது. கூரையில்லா இரண்டு இருக்கை வண்டி என்பது காகிதத்தில் கூட்டிக் கழித்து வாங்கும் பொருள் அல்லாததால், இத்தகைய வண்டிகளில் முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்த மேம்பாடுகள் அதிகம்.

ஆனால் ஒரு வகை மாற்றத்துக்கு மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுப்பேன். விளம்பரத்தில் வராத மாற்றம் அது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 1989-இல் வந்தது. தொடக்க கால 1.6 லிட்டர் இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையாக இருந்தது. சில வண்டிகளில் அங்கே புல்லியைப் பிடித்திருக்கும் சாவிப் பள்ளம் தேய்ந்து, டைமிங் அலைந்து, இன்ஜின் வலுவிழந்தது. 1991-இல் அந்த முனையை நீளமாக்கினார்கள். வண்டியின் வெளித்தோற்றத்தில் எதுவும் மாறவில்லை. பழைய வண்டி சேர்ப்பவர்கள் இன்றைக்கும் முதலில் குனிந்து பார்ப்பது அந்தப் புல்லியைத்தான்.

நானே ஒரு முறை, நிறுவனத்தின் பெயர் வேண்டாம், புதிதாக வந்த கார் ஒன்றை வெளியான மூன்றாவது மாதமே வாங்கி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் டைமிங் செயின் கடகடத்த ஓசையை இரண்டு ஆண்டு கேட்டேன். பழங்காநத்தத்தில் உள்ள மெக்கானிக் ஒருவர், அடுத்த ஆண்டு வண்டியில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரே வேறு என்று இரண்டையும் மேசைமேல் வைத்துக் காட்டினார். விளம்பரத்தில் அந்த ஆண்டுக்குச் சொன்ன புதுமை, இருக்கை உறையின் நிறம்.

ஆகவே திருநகர் நண்பருக்கு என் ஆலோசனை: புதிய தலைமுறையின் தொடக்க கால வண்டியை, அதாவது உங்கள் பட்டியலில் 2016 மாடலை, விலை மிகக் குறைவாக இருந்தாலொழிய வாங்க வேண்டாம். மற்ற இரண்டுக்கு நடுவே பணப்பை முடிவு செய்யட்டும்.

திருநகர் வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். 1.5 லிட்டர் யோசனை அவனுக்குப் பிடித்திருந்தாலும், அவன் பார்க்கும் விலைக்குள் நல்ல வண்டி அங்கே கிடைக்கவில்லையாம். 2022 மாடலுக்கு அவன் சேமிப்பு எட்டவில்லை. ஆகவே 2018 என்று விளம்பரம் செய்த வண்டிதான் மீதம். அது கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பவர் தமக்குத் தெரியாது என்கிறார். பதிவு அக்டோபர் மாதத்தில் நடந்திருக்கிறது.

இன்னொரு சிறு கேள்வி. மடங்கும் கடினக் கூரை கொண்ட ஆர்எஃப் வகையும் அங்கே கிடைக்கிறதாம். மழைக்கு அது நல்லதா?

புதூர் லேத் எழுதியது:

பதிவுத் தேதியை நம்ப வேண்டாம் ஐயா. கப்பலில் வந்து, கிடங்கில் நின்று, கடையில் நின்று பதிவான வண்டியாக இருக்கலாம். தயாரித்த மாதம் வண்டியில் பொறித்திருக்கும் தகட்டில் இருக்கும்; அதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்பாக, கதவைத் திறந்த உடனே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. ஆர்பிஎம் மீட்டரில் சிவப்புக் கோடு 6800-இல் தொடங்கினால் பழைய இன்ஜின், 7500-இல் தொடங்கினால் புதிய இன்ஜின். 2.0 லிட்டருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை செல்லும் என்பதை மறக்க வேண்டாம். மேலே நண்பர் சொன்னபடி 1.5 லிட்டருக்குத் தொடக்கத்திலிருந்தே 7500 தான்.

சிறுமலைச் சாலை எழுதியது:

ஆறடி ஓர் அங்குலம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள். அதைக் கவனிக்காமல் வளைவையும் பிரேக்கையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதற்கு என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு 2018 பிற்பகுதி மாற்றத்தில் இன்ஜினைவிட முக்கியமானது ஸ்டீயரிங். அதற்கு முன்பு வந்த வண்டிகளில் ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மட்டும்தான் நகர்த்தலாம். மாற்றத்துக்குப் பிறகு 30 மில்லிமீட்டர் நம் பக்கம் இழுக்கவும் முடியும். என் வண்டியில் அது இல்லை. நான் ஐந்தடி ஏழு அங்குலம் என்பதால் எனக்குக் குறை தெரியவில்லை. என் மைத்துனர் ஆறடிக்கு மேல். கால் வசதிக்காக இருக்கையைப் பின்னால் தள்ளினால் கை எட்டாது, கை எட்ட வேண்டி முன்னால் நகர்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும், இரண்டுக்கும் நடுவே தலை கூரைத் துணியில் உரசும். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அவர் ரயிலில் திரும்புவதாகச் சொல்லிவிட்டார். இந்தத் தலைமுறை வெளியான நாளிலிருந்தே உயரமானவர்கள் சொல்லி வந்த குறை அது. குதிரைத்திறனைப் பற்றி இத்தனை நேரம் பேசினோம். தம்பி உட்கார முடிகிறதா என்பதை அந்த மூன்று சென்டிமீட்டர்தான் தீர்மானிக்கும்.

ஆர்எஃப் பற்றி: பொத்தானை அழுத்தினால் 13 நொடியில் கூரை தானே மடங்கும், பார்க்க அழகு. அதற்காக 40 கிலோவுக்கு மேல் எடை கூடுகிறது, அதுவும் உயரத்தில். துணிக்கூரையை இருக்கையை விட்டு எழாமல், ஒரு கையால் பின்னால் தள்ளி மடக்கிவிடலாம். தூறல் தொடங்கினால் அதே கையால் இழுத்து மூடலாம். மழையைத் துணியே நன்றாகத் தாங்கும். பழைய வண்டி என்றால், கூரையில் விழும் நீர் வடிந்து போகும் ஓட்டைகள் இலைக் குப்பையால் அடைபட்டிருக்கின்றனவா என்று மட்டும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அடைபட்டிருந்தால் நீர் உள்ளே தேங்கிக் கீழ்த்தகடு துருப்பிடிக்கும். முதல் தலைமுறைக் காலத்திலிருந்து மாறாத சங்கதி இது ஒன்றுதான்.

திருநகர் வாசி எழுதியது:

நேற்று மாலை அவன் போய்ப் பார்த்தான்; நான் இங்கிருந்து வீடியோ அழைப்பில் உடன் இருந்தேன். மீட்டரில் கோடு 6800. ஸ்டீயரிங்கை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. தகட்டில் இருந்த மாதம் பிப்ரவரி 2018. விற்பவர் நல்ல மனிதர். தமக்கே இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லி விலையைக் குறைக்கவும் முன்வந்தார். ஆனால் தம்பி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தபோது முழங்கால் எங்கே போய் நின்றது என்பதை நானே திரையில் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

திரும்பும் வழியில் வேறு ஒரு கடையில் 2019 மாடல் ஒன்று நின்றிருக்கிறது. அதில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை முழுவதும் இழுத்து வைத்து எனக்குப் படம் அனுப்பியிருக்கிறான். முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே அவனுடைய உள்ளங்கை நுழைகிறது. விலை, அவன் வைத்திருப்பதைவிடச் சற்றுக் கூடுதல். குறைகிற தொகையை நான் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை ஒரு குவளை தண்ணீரோடு மறுபடியும் போகிறான்.